பேச்சும் ஏச்சும்: பிள்ளை படும் மனத்துன்பத்தை அளப்பது எப்படி

யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று “அம்மா பேசினவா” என்று சொன்னால், அம்மா ஏசினார் என்பதே பொருள். அன்போடு உரையாடுவதற்கு இங்கே கதைத்தல் என்ற சொல் இருக்கிறது. தமிழ்நாட்டு வழக்கில் எழுதப்பட்ட ஒரு வினாக்கொத்தில் “உன் அம்மா உன்னிடம் அடிக்கடி பேசுவாரா?” என்று ஒரு கேள்வி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாயின் பரிவை அளக்க எழுதிய கேள்வி அது. யாழ்ப்பாணத்து மயிலிட்டி ஊர்ப் பிள்ளை அதற்கு “ஓம், ஒவ்வொரு நாளும்” என்று சொன்னால், தாளில் பரிவுக்குப் புள்ளி விழும். பிள்ளை சொன்னதோ அதற்கு நேர்மாறானது. இதைச் சிறு மொழிபெயர்ப்புப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. அடிபட்ட தழும்பை எந்த மொழி பேசும் மருத்துவரும் பார்த்துக் கண்டுகொள்வார். மனத்தில் படும் அடிக்குச் சொல்லும் பார்வையும் மௌனமும்தான் தடயம். அந்தத் தடயத்தை ஊர் வழக்கில் வாசிக்கத் தெரியாதவர் எத்தனை புள்ளிவிவரம் சேர்த்தாலும் அது பிள்ளையின் நிலையைக் காட்டாது. ஆனால் ஊர் வழக்கு என்ற பெயரில் எல்லாவற்றையும் மன்னித்துவிடவும் முடியாது. பிள்ளைகள் மீதான மனவன்மத்தை இனங்காண்பது, அளப்பது என்ற கேள்வி முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது.

மயிலிட்டியை முன்வைத்து இதைப் பேசக் காரணம் உண்டு. இலங்கைத் தீவின் முக்கிய மீன்பிடித் துறைகளில் ஒன்றாக இருந்த இந்தக் கரையோர ஊர் 1990 ஜூன் மாதத்தில் வெறிச்சோடியது. பலாலிப் படைத்தளத்தைச் சுற்றிய உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் ஊர் அகப்பட்டது. மயிலிட்டியை உள்ளடக்கிய வலிகாமம் வடக்கின் மக்கள் உறவினர் வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் தங்கினார்கள். மல்லாகம், சுன்னாகம் பக்கத்து நலன்புரி நிலையங்களிலும் தங்கினார்கள். 1995 ஒக்டோபர் பேரிடப்பெயர்வில் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் ஓடியவர்களும் அவர்களுள் உண்டு. மயிலிட்டித் துறைமுகமும் அதையண்டிய காணியும் 2017 ஜூலை 3ஆம் திகதிதான் திரும்பக் கிடைத்தன. இடையில் 27 வருடங்கள். இடம்பெயர்ந்த வருடம் பிறந்த பிள்ளைக்கு, ஊர் திறந்தபோது 27 வயது. அதற்குள் அந்தப் பிள்ளையே தாயாகவோ தகப்பனாகவோ ஆகியிருக்கலாம். ஆகவே இன்று மயிலிட்டியில் ஒரு பிள்ளையின் மனநிலையைக் கேட்கப் போகிறவர், முகாமில் வளர்ந்த இன்னொரு பிள்ளையின் முன்னால்தான் போய் நிற்கிறார். பெற்றோர் என்று நாம் எழுதும் அந்த மனிதர் எப்படி வளர்ந்தார் என்று கேட்காத அளவீடு பாதி அளவீடுதான்.

முகாம் வாழ்க்கையின் ஓர் இயல்பை இங்கே சொல்ல வேண்டும். தகரத்தாலும் ஓலையாலும் தடுத்த அறைகளில் வீட்டு ஏச்சு வீட்டுக்குள் நிற்பதில்லை. “மொக்கு”, “மூதேசி”, “உன்னைப் பெத்ததுக்கு” என்று தொடங்கும் எதுவும் அடுத்த நாலு குடும்பத்துக்கும் கேட்கும். வீட்டுக்குள் வாங்கும் ஏச்சுக்கும் ஊர் கேட்க வாங்கும் ஏச்சுக்கும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியும். அதே சொல்தான். கேட்கும் காதுகள் கூடும்போது அது அவமானமாகிறது. பெரும்பாலான வினாக்கொத்துகள் என்ன சொன்னார்கள், எத்தனை தடவை சொன்னார்கள் என்று மட்டும் கேட்கின்றன. யார் முன்னால் சொன்னார்கள் என்பதை விட்டுவிடுகின்றன. இடம்பெயர்ந்த சமூகத்துக்கு அந்தக் கேள்வி கட்டாயம் வேண்டும்.

மனவன்மத்தை வரையறுக்கும் முயற்சிக்கு நாற்பது வருட வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 1983இல் இதற்கென்றே ஒரு சர்வதேச மாநாடு கூடியது. உளவியலாளர் ஜேம்ஸ் கார்பரினோவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1986இல் ஐந்து வடிவங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: பிள்ளையை ஒதுக்குவது, அச்சுறுத்துவது, தனிமைப்படுத்துவது, கண்டுகொள்ளாமல் விடுவது, கெட்ட வழியில் பழக்குவது. பின்னர் லண்டனில் பணியாற்றிய சிறுவர் மனநல மருத்துவர் டானியா கிளேசர் கேள்வியையே திருப்பிப் போட்டார். தனித்தனிச் செயல்களை எண்ணுவதை விட்டு, பிள்ளைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலுள்ள உறவில் திரும்பத் திரும்ப நடப்பது என்ன என்று பாருங்கள் என்றார். பெற்றவர் தீய எண்ணத்தோடு செய்தாரா என்று நிரூபிக்கத் தேவையில்லை, பிள்ளைக்கு நோய் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை என்பது அவர் நிலைப்பாடு. அவருடைய பட்டியலில், பெரியவர் தன் தேவைக்குப் பிள்ளையைப் பயன்படுத்துவதும் ஒன்று. தாயும் தகப்பனும் கோபம் போட்டுக்கொண்டு மாதக்கணக்காகக் கதைக்காமல் இருக்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். “அப்பாட்டைப் போய்ச் சொல்லு”, “அம்மாட்டைக் கேட்டு வா” என்று எட்டு வயதுப் பிள்ளை இருவருக்கும் நடுவே தூது போகிறது. அங்கே யாரும் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. சம்பவங்களை எண்ணும் கணக்கில் அந்த வீடு சுத்தமான வீடு. உறவைப் பார்க்கும் கண்ணுக்குத்தான் அந்தப் பிள்ளை சுமக்கும் பாரம் தெரியும். என் மதிப்பீட்டில் இந்தத் துறையில் நடந்த மிகப் பயனுள்ள திருப்பம் இதுதான்.

நம்மிடையே இதற்கு இன்னொரு தடையும் உண்டு. அது பெயர். சிறுவர் துஷ்பிரயோகம் என்று சொன்னவுடன் வடக்கில் எல்லோர் மனத்திலும் வருவது பாலியல் குற்றம்தான். உளரீதியான துஷ்பிரயோகம் என்று பயிற்சிப் பட்டறைத் தாளில் எழுதினாலும், ஒரு தாயிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அவர் பதறிப் போவார், அல்லது கோபப்படுவார். அதன் பிறகு பேச்சுக்கு இடமில்லை. சட்டமும் இதே பழக்கத்தில்தான் வளர்ந்திருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் வரைவிலக்கணம் வேறு சட்டங்களிலுள்ள குற்றங்களைத் தொகுத்துக் காட்டுகிறது. உணர்வு ரீதியான பாதிப்பு என்பதை ஆயுதப் போரில் பிள்ளைகளை ஈடுபடுத்துவது பற்றிச் சொல்லும்போது அது குறிப்பிடுகிறது. அடுப்படியில் நடப்பதற்கு அப்படியொரு சொல் கிடைக்கவில்லை. தண்டனைச் சட்டக்கோவையில் 1995இல் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, பிள்ளைகளுக்குக் கொடுமை செய்வதைக் குற்றமாக்குகிறது, மனப் பிறழ்வையும் பாதிப்பாக ஏற்கிறது. ஆனால் அங்கே வாசல்படி மிக உயரம். பிள்ளை மனம் பிறழும் அளவுக்குப் போனால்தான் சட்டத்தின் கண்ணில் படும் என்றால், அதற்கு முன் கழிந்த பத்து வருடங்களை யார் கணக்கில் வைப்பது?

கண்ணில் படாததன் அளவு எவ்வளவு என்பதைக் காட்டும் இரண்டு எண்கள் உண்டு. ஸ்டோல்டன்போர்க் என்ற நெதர்லாந்து ஆய்வாளரும் குழுவினரும் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்டார்கள். மனவன்மத்துக்கு ஆளானதாகத் தம் வாயாலேயே சொன்னவர்கள் ஆயிரத்துக்கு 363 பேர். அதிகாரிகள், ஆசிரியர்கள், மருத்துவர்கள் போன்றோரின் தகவலை வைத்துக் கணக்கிட்டால் ஆயிரத்துக்கு 3 பேர். இந்த இடைவெளியை வைத்து, பிள்ளைகள் மிகைப்படுத்துகிறார்கள் என்று வாதிடலாம். ஒருமுறை ஏச்சு வாங்கியதையும் சேர்த்துச் சொன்னவர்கள் அதில் இருக்கத்தான் செய்வார்கள். அதைக் கழித்தாலும், நூறு மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசத்தை மிகைப்படுத்தலால் மட்டும் விளக்க முடியாது. பொறுப்பிலிருப்பவர்கள் பார்க்காமல் விடுகிறார்கள் என்பதே நேரான விளக்கம். விட்டுவிடக்கூடிய சிறிய விடயமும் இல்லை இது. 124 ஆய்வுகளைத் தொகுத்து அதே 2012இல் வந்த நோர்மன் குழுவினரின் கட்டுரையில், சிறுவயதில் உடலால் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு மனச்சோர்வு நோய் வரும் சாத்தியம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மனத்தால் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு அது 3 மடங்கு.

வடக்கு கிழக்கில் கிடைக்கும் சான்றுகளுக்கு வருவோம். தோமஸ் எல்பேர்ட் குழுவினர் 2002இல் வன்னியில் 420 பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், 92 வீதமானோர் குண்டுவீச்சு, ஷெல்லடி, உறவினர் சாவு போன்ற கடும் அனுபவங்களைக் கண்டிருந்தார்கள். நான்கில் ஒரு பிள்ளைக்கு நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோய் இருந்தது. சுனாமிக்குப் பின் கிளவுடியா கட்டானியும் குழுவினரும் உள்ளூர் உளவளத்துணையாளர்களோடு சேர்ந்து 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் கேட்டு 2008இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. அது போரையும் சுனாமியையும் மட்டும் கேட்காமல், வீட்டுக்குள் நடப்பதையும் கேட்டது. போர் அனுபவம் ஒன்றையாவது கண்டவர்கள் 82.4 வீதம். வீட்டு வன்முறை வகைகளில் ஒன்றையாவது கண்டவர்கள் 95.6 வீதம். போரைக் கண்டவர்களைவிட வீட்டு வன்முறையைக் கண்டவர்கள் கூட. இந்த எண்ணைத் தலைப்பாக்கி அதிர்ச்சி ஊட்டுவது எளிது. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. நூற்றில் தொண்ணூற்றைந்து பேரைப் பிடிக்கும் வலை யாரையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஒருமுறையேனும் நடந்ததா என்ற கேள்விக்கு எந்த ஊரிலும் ஏறக்குறைய எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். அந்த ஆய்வின் உண்மையான கண்டுபிடிப்பு வேறிடத்தில் இருக்கிறது. எத்தனை வகைத் துன்பங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டனவோ அந்த அளவுக்கு நோய் கூடியது. போரின் பங்கைக் கணக்கில் எடுத்த பிறகும் வீட்டின் பங்கு தனியே தெரிந்தது. தகப்பனின் குடி வீட்டு வன்முறையோடு சேர்ந்தே நின்றது. அளக்கிறவர்கள் இதிலிருந்து பெறவேண்டிய பாடம், உண்டா இல்லையா என்று கேட்பதை நிறுத்தி, எவ்வளவு, எத்தனை காலம், எத்தனை வடிவம் என்று கேட்பது.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும். எழத்தான் வேண்டும். வீட்டை இடித்தது யார், கடலை மூடியது யார், பிள்ளையின் தகப்பனைத் தொழிலில்லாமல் இருத்தியது யார்? 27 வருடம் ஒரு சமூகத்தைத் தகரக் கொட்டிலில் வைத்துவிட்டு, அங்கே தாய் பிள்ளையை ஏசினாள் என்று புள்ளிவிவரம் எடுப்பது அநியாயம் இல்லையா? இந்தக் கோபம் நியாயமானது. போர் தனி மனிதரை மட்டுமின்றிக் குடும்பத்தையும் ஊரையும் அவற்றுக்குள்ளிருந்த நம்பிக்கையையும் சேர்த்தே உடைக்கிறது என்று யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகள் எழுதிவந்திருக்கிறார். பெற்றோர் கண்ட போர் பிள்ளை மீது இறங்கும் என்பதை வடக்கில் நடந்த பிற்கால ஆய்வுகளும் காட்டுகின்றன. ஆனால் அதே ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. சிறீஸ்கந்தராஜா, நொய்னர், கட்டானி மூவரும் 2015இல் வெளியிட்ட கட்டுரையில், போரையும் சுனாமியையும் கண்ட பிள்ளைகளில், பெற்றோரின் பரிவை நிறைய உணர்ந்தவர்கள் உள்ளுக்குள் ஒடுங்கிப்போவது குறைவாக இருந்தது. அப்படியானால் போர் எவ்வளவு கொடியதோ அவ்வளவுக்கு வீடு முக்கியமாகிறது. போரைக் குற்றவாளி ஆக்குவதால் வீட்டைக் கேள்வி கேட்கும் கடமை நீங்கிவிடாது. வீட்டுக்குள்ளே கேட்கிறவர் குற்றவாளியைத் தேடிப் போகக்கூடாது என்பதே அந்தக் கோபத்திலிருந்து நாம் எடுக்கவேண்டியது.

இரண்டாவது மறுப்பு பண்பாட்டின் பெயரால் வரும். அடியாத மாடு படியாது என்பார்கள், அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். எங்கள் வாய்தான் கரடுமுரடு, மனம் அப்படியில்லை என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. கடற்கரை ஊரில் “எடேய் எருமை” என்று கூப்பிட்டுக்கொண்டே நல்ல மீன்துண்டைப் பிள்ளையின் கோப்பையில் வைக்கும் அம்மம்மாவை எந்த அளவுகோலும் தண்டிக்கக் கூடாது. ஆனால் எங்கே கோடு விழுகிறது என்பதைப் பிள்ளையிடமே கேட்கலாம். ரொனால்ட் ரோனர் என்ற மானிடவியலாளர் 101 சமூகங்களின் விவரங்களை ஒப்பிட்டு 1975இல் ஒரு நூல் எழுதினார். பரிவைக் காட்டும் முறை ஊருக்கு ஊர் வேறு, ஆனால் ‘என்னை இவர்களுக்கு வேண்டாம்’ என்று ஒரு பிள்ளை உணர்ந்தால் அதன் விளைவு எங்கும் ஏறக்குறைய ஒன்றே என்பது அவர் முடிவு. ஆகவே கேள்வி எருமை என்ற சொல்லைப் பற்றியதாக இருக்கக்கூடாது. அந்தச் சொல்லோடு என்ன வந்தது, அது போன பிறகு என்ன மிஞ்சியது என்பதைப் பற்றியதாக இருக்கவேண்டும். இதே ஊர்வழக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. பூச்சாண்டி வருவான் என்று சோறு ஊட்டுவது எல்லா நாட்டிலும் உண்டு. “ஆமியிட்டைப் பிடிச்சுக் குடுத்திடுவன்” என்பதும் பார்வைக்கு அதே வகைதான். ஆனால் ஆள் பிடித்துக்கொண்டு போனதும் திரும்பி வராததும் குடும்பக் கதையாக இருக்கும் வீட்டில், அந்த வாக்கியம் பூச்சாண்டியின் இடத்தில் நிற்பதில்லை. வெளிநாட்டு வினாக்கொத்து இதைப் ‘பேய் பிசாசு காட்டிப் பயமுறுத்தல்’ என்ற வரிசையில் போட்டு ஒரு புள்ளி கொடுக்கும். பண்பாட்டை உண்மையாகவே கணக்கில் எடுத்தால் சில இடங்களில் குற்றச்சாட்டு மெலியும், சில இடங்களில் கனக்கும். முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்வது பண்பாட்டு வாதம் ஆகாது.

ஒப்பிட்டுப் பேசுவதைப் பற்றியும் இதேபோல் யோசிக்கவேண்டும். இந்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு, மனவன்மம் என்ற தலைப்பின் கீழ் அவமானப்படுத்தலையும் ஒப்பிடுதலையும் அளந்தது. இரண்டில் ஒரு பிள்ளை அதற்கு ஆளானதாகச் சொன்னது. ஆளாக்கியவர்களில் 83 வீதம் பெற்றோர். ஒப்பிடுவதெல்லாம் வன்மமா என்று கேட்பவர்கள், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வரும் கிழமையில் யாழ்ப்பாணத்து வீடுகளைக் கவனிக்கட்டும். பத்து வயதுப் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் வருகிறது, அந்த எண்ணை வெட்டுப்புள்ளியோடு ஒப்பிடுகிறார்கள், பிறகு பெரியம்மாவின் பிள்ளையோடு ஒப்பிடுகிறார்கள், பிறகு ஒழுங்கை முழுவதும் ஒப்பிடுகிறது. ஒரு தாய் அதைச் செய்வது ஒரு நாள் வருத்தம். ஒரு தேசமே வருடாவருடம் அதற்கு ஏற்பாடு செய்து கொடுக்கும்போது, வீட்டை மட்டும் அளந்து பெற்றோரை மட்டும் திருத்த முயல்வது முழு வேலையாகாது. பாடசாலையும் இதில் வெளியே நிற்க முடியாது. உடல் தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே வந்துவிட்டது. அதற்குப் பன்னிரண்டு வருடங்களின் பின், பேராசிரியர் பியாஞ்சலி டி சொய்சா தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்காக ஆறு மாவட்டங்களில் நடத்திய ஆய்வில், 80.4 வீதமான மாணவர்கள் கடந்த தவணையில் உடல் தண்டனையையும், 72.5 வீதமானோர் மனரீதியான தாக்குதலையும் ஆசிரியர்களிடமிருந்து கண்டதாகச் சொன்னார்கள். பிரம்புக்காவது சுற்றறிக்கை இருந்தது. வகுப்பு முழுவதும் சிரிக்க ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்துவதை அவ்வளவு தெளிவாக யாரும் தடுக்கவில்லை.

மூன்றாவது மறுப்பு சட்டத்தைப் பற்றியது. அளக்கத் தொடங்கினால் பொலிஸ் வரும், நன்னடத்தை அலுவலகம் வரும், பிள்ளையைப் பிரித்துச் சிறுவர் இல்லத்தில் போடுவார்கள் என்ற பயம் பொய்ப் பயம் இல்லை. இங்கிலாந்து 2015இல் தன் பழைய 1933ஆம் வருடச் சட்டத்தைத் திருத்தி, பிள்ளைக்கு மனத்தால் விளையும் துன்பத்தையும் குற்றத்துக்குள் கொண்டுவந்தது. இலங்கையும் அப்படிச் செய்யட்டும் என்று சொல்பவர்கள் நம் 308அ பிரிவின் தண்டனையைப் பார்க்கவேண்டும்: 2 வருடத்துக்குக் குறையாத, 10 வருடத்துக்கு மேற்படாத சிறை. தினமும் பிள்ளையை இழிவுபடுத்தும் தகப்பனைக் குறைந்தது இரண்டு வருடம் சிறையில் வைத்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு எஞ்சுவது பசியும், ‘உன்னாலைதான்’ என்ற சொல்லும். மிகக் கொடிய சில வழக்குகளுக்குச் சட்டம் வேண்டும். மற்றெல்லாவற்றுக்கும் அளவீட்டின் வேலை, உதவி எங்கே போகவேண்டும் என்று காட்டுவது. இதற்காக இரண்டு அளவீடுகளைப் பிரித்து வைக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஊர் முழுவதற்கும் பெயர் எழுதாமல் பிள்ளைகளிடமே கேட்கும் வினாக்கொத்து ஒன்று. அது எங்கே எவ்வளவு என்று சொல்லும், யாரையும் சுட்டாது. ஒரு குடும்பத்தைப் பற்றி முடிவெடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. குடும்பத்துக்குக் கிளேசர் சொன்ன வழிதான் பொருந்தும். ஒரே ஆள் பல தடவை போய், பல வாரம் பார்த்து, திரும்பத் திரும்ப வருவது என்ன என்று எழுதுவது. எழுதியதைப் பெற்றோரிடமே சொல்லி, மாற்ற உதவி, சில மாதங்களில் மறுபடி பார்ப்பது. மாற முடிகிறதா என்பதே அந்த அளவீட்டின் மிக முக்கியமான கேள்வி. தகப்பனின் குடிக்கு மருந்தும் தாயின் மனச்சோர்வுக்குச் சிகிச்சையும் கிடைத்த பிறகு ஏச்சு குறைகிற வீடு வேறு, எல்லாம் கிடைத்தும் குறையாத வீடு வேறு.

இதைச் செய்ய ஆட்கள் இல்லை என்று சொல்ல முடியாது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். மயிலிட்டிக்கு அருகே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பாடசாலைகளில் உளவளத்துணை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 1929 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. இல்லாதது, இவர்கள் எல்லோரும் ஒரே பொருளில் விளங்கிக்கொள்ளும், ஊர்ப் பிள்ளையின் வாயில் வரும் சொற்களால் எழுதப்பட்ட கேள்விகள். அவற்றை எழுதப் பெரிய பணம் வேண்டாம். மயிலிட்டியிலும் தெல்லிப்பழையிலும் சில ஆசிரியர்கள், சில தாய்மார், இப்போது வளர்ந்து நிற்கும் முகாம் பிள்ளைகள் சிலர் உட்கார்ந்தால் போதும். அடுத்த தடவை ஒரு பிள்ளையைப் பற்றிய படிவம் உங்கள் மேசைக்கு வரும்போது, தழும்பு உண்டா என்ற கூட்டுக்குக் கீழே கையால் இரண்டு வரி சேர்த்துக் கேளுங்கள்: வீட்டிலை உன்னோடை ஆர் கதைக்கிறவை? ஆர் பேசிறவை? பிள்ளை சொல்வதை அதன் சொல்லிலேயே எழுதிவையுங்கள்.